வினோஜனின் திறப்பு

இது நடந்த விசயம். மரியதாசன் அண்ணை இன்றைக்கும் மொன்ட்ரியால்-நோரில்தான் இருக்கிறார். விடிய முதல் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பின் சீற்றில் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு ஒரு மனிதர் நித்திரையாய் இருப்பார். அவர்தான். குடிக்கிறவர் இல்லை. கதை கட்டுகிறவரும் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருந்தார். போன மார்கழிக்குப் பிறகு சிரிப்பதில்லை.

கிழமை நாட்களில் அவருக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பக்டரியில் வேலை. ஈரத் துணி வண்டிலைத் தள்ளித் தள்ளித் தோள்மூட்டு தேய்ந்துபோய்விட்டது. சனி ஞாயிறுகளில் டனிஸ்ரனோடு போவார். டனிஸ்ரன் எங்கள் ஆட்களின் கலியாணம், ஞானஸ்நானம், செத்தவீடு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து நேரலை விடுகிறவன். கமெரா ஸ்ராண்ட் தூக்குவதும் வயர் இழுப்பதும் மரியதாசனின் பங்கு.

செத்தவீட்டு வீடியோதான் பொறுப்பான வேலை. கலியாணத்துக்கு வராதவன் போனில் வாழ்த்திச் சமாளிப்பான். செத்தவீட்டுக்கு வரமுடியாத அண்ணன் மன்னாரில் இருப்பான், தங்கச்சி பாரிஸில் இருப்பாள். அவர்கள் கடைசியாக முகம் பார்த்து அழுவது அந்தப் படத்தில்தான். அதனால் சடங்கு முடிந்தும் ஒரு வருடத்துக்கு அதை வைத்திருப்பார்கள். வைத்திருக்கிற இடம் டனிஸ்ரனின் வீடு இல்லை. எங்கோ தூரத்தில், எந்த ஊர் என்றே இவர்களுக்குத் தெரியாத ஒரு கம்பனியின் கொம்பியூட்டர்களில் வாடகைக்கு எடுத்த இடம். வருடம் முடிந்தால் இங்கே இருந்தபடியே அங்கே இருப்பதை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் இடம் நிரம்பிவிடும்.

அந்த அழிக்கிற வேலையும் மரியதாசன் தலையில்தான். அவருக்கென்று கொம்பியூட்டரில் ஒரு பக்கம் செய்து கொடுத்தவன் வினோஜன். டனிஸ்ரனின் கூட்டாளி, கொம்பியூட்டர் படித்தவன். மரியதாசன் ஐம்பது வயதுக்குப் பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவர், அதுவும் தமிழ் மட்டும். ஆகையால் வினோஜன் எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்தான். ஒரு கட்டம். அதில் பைலின் பெயரை அடிக்க வேண்டும். செத்தவரின் பெயர்தான் பைலின் பெயர். கீழே ஒரு சிவப்புப் பட்டன். அதை அமத்தினால் அந்தப் பக்கமே போய்க் கம்பனியின் கதவைத் தட்டி, வினோஜனின் திறப்பைக் காட்டும். திறப்பு என்றால் சாவிதான், ஆனால் இது இரும்பு இல்லை, எழுத்தும் இலக்கமுமாய் நீளமாய்ப் போகிற ஒரு வரி. கம்பனிக்காரர் அதைப் பார்த்து, ஓம், கேட்கிறது வினோஜன்தான் என்று நம்பினால் பைலை அழிப்பார்கள். பதில் வந்து திரையில் விழும்.

வரக்கூடிய பதில் மூன்றுதான். "அழிக்கப்பட்டது." "அப்படி ஒன்று இல்லை." "திறப்பு சரியில்லை." மூன்றையும் வினோஜன் தன் கையால் எழுதி வைத்தான். "இந்த மூண்டையும் பாடமாக்கினாக் காணும் மரியண்ணை, எழுத்துக்கூட்டி மினக்கெடாதேங்கோ" என்று பகிடியும் விட்டான்.

அந்த வினோஜன் தை மாதம் செத்துப்போனான். முப்பத்தெட்டு வயது. வாசலில் பனி தள்ளிவிட்டு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவே இல்லை. அவனுடைய செத்தவீட்டையும் இவர்கள்தான் எடுத்தார்கள். டனிஸ்ரன் ஒருபக்கம் அழுதுகொண்டிருக்க, மரியதாசன், பெட்டியைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்ராண்டை நிறுத்தி, அதன் கால்களை நிலத்தோடு பசைநாடா போட்டு ஒட்டினார். முடியும்வரை கமெராவை விட்டு அசையவில்லை. பெட்டியடிக்குப் போய் முகம் பார்க்கக்கூட இல்லை.

எல்லாம் முடிந்தது. திறப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. ஒருவன் பெயரில் இன்ரர்நெற் எடுத்தால் மேல்வீடும் கீழ்வீடும் அதில்தான் ஓடும். போன் ஒருவன் பெயரில், கரண்ட் வேறொருவன் பெயரில். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். வேலை நடக்குதுதானே, ஏன் கிளறுவான் என்று விட்டுவிடுவோம். டனிஸ்ரனும் அப்படித்தான் விட்டான். தைக்குப் பிறகு மரியதாசன் அழித்த அத்தனையும் செத்த ஒருவனின் பெயரில் அழிந்தன. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது வினோஜனின் மனைவி சர்மிளா வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"மரியண்ணை, அவற்ர வீடியோவை இல்லாமப் பண்ணுங்கோ."

ஆண்டுப் பூசைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று அவர் இழுத்தார். அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். ஜொவீனாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்த வீடியோவைப் போட்டுவிடுகிறாளாம். மூன்று மணித்தியாலமும் இருந்து பார்க்கிறாளாம். படத்தோடு கதைக்கிறாளாம், நிறுத்தி நிறுத்தி, பதில் கேட்கிற மாதிரி. சாப்பாட்டை முன்னால் வைத்தால் தட்டைத் தொடுவதில்லை. ரப்லெட்டை ஒளித்தால் தாயின் போனில், போனைப் பூட்டினால் சித்தியின் போனில். உறவுக்காரர் எல்லோரிடமும் அந்த லிங்க் இருக்கிறது. டாக்குத்தர் பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கால்தான் சாப்பாடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"அங்க இருந்தாத்தானே இஞ்ச ஓடும்" என்றாள் சர்மிளா. "அங்கயே இல்லாமப் பண்ணுங்கோ அண்ணை. அவர் போயிட்டார். இவளையும் என்னால குடுக்கேலாது."

டனிஸ்ரனிடம் கேட்டார். அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். நீங்களே செய்யுங்கோ அண்ணை, எனக்குக் கை வராது என்றான்.

சனிக்கிழமை செய்தார். டனிஸ்ரனின் ரொக்ஸ்பரோ வீட்டுப் பேஸ்மென்றில்தான் கொம்பியூட்டர் இருக்கிறது. கட்டத்தில் "வினோஜன்" என்று அடித்துப் பட்டனை அமத்தினார். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. அழிக்கப்பட்டது. சிலுவை போட்டுக்கொண்டார். சர்மிளாவுக்குப் போன் எடுத்தார். லிங்க் ஓடவில்லை என்றாள். பிள்ளை கத்திக் குளறிவிட்டு அப்படியே நித்திரையாகிவிட்டாளாம்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் சர்மிளா காத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை... அது திரும்ப ஓடுது."

விடிய எழும்பிப் பார்த்தால் பிள்ளை கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னுமொன்றும் சொன்னாள். பாப்பா இப்ப கிட்ட வந்திட்டார் என்று பிள்ளை சொல்கிறாளாம். தகப்பனை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

டனிஸ்ரன் கேட்டுவிட்டு, இன்னொரு கொப்பி எங்கேயாவது கிடந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள் என்றான். அன்றைக்கு அவனுக்கு லவாலில் ஒரு ஞானஸ்நானம். போகிற வழியில் மரியதாசனை ரொக்ஸ்பரோவில் இறக்கிவிட்டு, வீட்டுத் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் வேறு யாரும் இல்லை. பின்னேரம் நாலு மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மார்கழியில் நாலு மணி என்றால் இங்கே பகல் முடிந்த மாதிரித்தான்.

கோட்டை மேலே கொழுவிவிட்டுப் பேஸ்மென்றுக்கு இறங்கினார். ஹீற்றர் ஓடியும் கால் விறைத்தது.

பைல் அங்கே இருந்தது. வினோஜன். அதே பெயர், ஒன்றே ஒன்று.

அழிக்க முதல் அதுதானா என்று பார்க்கத் திறந்தார். மலர்ச்சாலை. பூ வளையங்கள். தூரத்தில் பெட்டி. எல்லாம் சரி. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது... கமெராவை அவர் நிறுத்தியது கடைசி வரிசைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் முழு மண்டபமும், அத்தனை தலைகளும் தெரிய வேண்டும். இதில் முன்னால் நாலைந்து வரிசைதான் தெரிந்தது. யாரோ நடு மண்டபத்தில் நின்று எடுத்த மாதிரி.

டனிஸ்ரன் பிறகு பெருப்பித்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பெயரை அடித்தார். வினோஜனை அழிக்கச் சொல்லி வினோஜனின் திறப்பே போகிறது என்ற நினைவு அப்போதுதான் வந்தது. விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அமத்தினார்.

அழிக்கப்பட்டது.

திரையில் இடம் வெறுமையானது. அப்பாடா என்று எழும்பினார். அப்போது வெளியே சத்தம் கேட்டது.

சர்க்... சர்க்... சர்க்...

பனி தள்ளுகிற சவள். சீமெந்தில் இழுபடுகிற சத்தம். டனிஸ்ரன் வந்துவிட்டான் என்று நினைத்தார். பேஸ்மென்றின் சின்ன யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தார். லைற் வெளிச்சத்தில் வாசல் தெரிந்தது. பனி தட்டையாகக் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

சர்க்... சர்க்...

முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. கொம்பியூட்டரின் ஸ்பீக்கரில் இருந்து.

திரும்பினார். வினோஜன் என்ற பெயர் திரையில் திரும்ப இருந்தது. அவர் தொடாமலே படம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கமெரா முதல் வரிசைக்குப் பின்னால் நின்றது. பாட்டு இல்லை. சுவாமியாரின் செபம் இல்லை. அந்தச் சவள் சத்தம் மட்டும். சர்மிளாவின் முதுகு கைநீட்டினால் தொடலாம் போல் இருந்தது. அவள் தோளில் ஜொவீனா. அன்றைக்குப் பிள்ளை நித்திரையாய்த்தான் கிடந்தாள். மரியதாசனுக்கு அது நல்ல ஞாபகம். அவள் தலையில் இருந்த வெள்ளை றிபன் கழன்று தொங்கியதுகூட ஞாபகம்.

இந்தப் படத்தில் அவள் முழித்திருந்தாள். பின்பக்கம் திரும்பி, நேரே கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியதாசன் திரும்பக் கதிரையில் இருந்தார். பெயரை அடித்தார். பிழைத்தது. திரும்ப அடித்தார். பட்டனை அமத்தினார்.

பதில் வரவில்லை.

வழமையாக உடனே வரும். அவர் காத்திருந்தார். சவள் சத்தம் நின்றுவிட்டது. ஹீற்றரின் இரைச்சலும் நின்றுவிட்டது.

பிறகு திரையில் எழுத்து விழுந்தது. மூன்று பதிலில் ஒன்று இல்லை. அவர் பாடமாக்காத பதில். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அப்படி வாசிக்கிறவருக்குப் பயமும் எழுத்தெழுத்தாகத்தான் வந்தது.

"திறப்பு என்னுடையது. கை யாருடையது?"

ஓடிவிடலாம் என்று கால் எழும்பியது. படி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் மூக்கில் குழாயோடு அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்த்தார். திரும்ப இருந்தார்.

கட்டத்தில் தன்னுடைய பெயரை அடித்தார். ம... ரி... ய...

அமத்தினார்.

திரை வெள்ளையானது.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது. மேற்கூரை. மலர்ச்சாலையின் மேற்கூரை, நேர் கீழே இருந்து. ஓரங்களில் சுருக்கு வைத்த வெள்ளைப் பட்டு.

பெட்டிக்குள் இருந்து எடுத்த படம்.

ஒரு முகம் குனிந்தது. டனிஸ்ரன். அழுதான். போனான்.

அடுத்தது சர்மிளா. அவளின் கண்ணீர் விழுந்த இடத்தில் படம் கலங்கியது...

அடுத்த முகம்.

அது அவர்தான். மரியதாசன். பெட்டியடிக்கே போகாத மரியதாசன், குனிந்து, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகம் போகவில்லை. அங்கேயே நின்றது. அதன் பக்கத்தில் யாரோ பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார்கள். தூக்கிய கை தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

ஜொவீனா கீழே பார்த்தாள். பேசினாள். ஸ்பீக்கரில் மெல்லக் கேட்டது.

"பாப்பா, இவர்தான் அழிக்கிறார்."

மரியதாசன் திரைக்குக் கிட்டக் குனிந்தார். வாயைத் திறந்தார். கொம்பியூட்டரோடு கதைக்கிற விசர் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

"வினோ..."

படம் அசையவில்லை.

"தம்பி, நான் மரியண்ணை. பிள்ளை செத்துப்போவாளடா. உன்னைப் பாத்துக்கொண்டிருந்தே போயிடுவாள்."

மூச்சு வாங்கினார்.

"நான் அழிச்சா நீ திரும்பி வாறாய். அப்ப நீயே சொல்லு. உன்ர வாயால கம்பனிக்காரரிட்டச் சொல்லு, அழிக்கச் சொல்லி."

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை...

பிறகு படத்தின் மேல் ஓரத்தில் இருந்து ஒரு நிழல் இறங்கியது. மெதுவாக. பெட்டியின் மூடி. முகங்கள் மறைந்தன. வெளிச்சம் ஒரு கோடானது. கோடும் போனது.

கறுப்புத் திரையில் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது.

அதன் மேல் எழுத்து.

அழிக்கப்பட்டது.

அவர் பட்டனை அமத்தவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

எப்படி மேலே ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. டனிஸ்ரன் வந்தபோது வெளிக்கதவுப் படியில், பனிக்குள், கோட்டுப் போடாமல் இருந்தாராம். என்ன அண்ணை விசரே என்று அவன் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். தலை சுற்றியது, காற்றுக்கு வந்தேன் என்று சொல்லிச் சமாளித்தார். நடந்ததை அவனிடம் மூச்சுவிடவில்லை. சர்மிளாவிடமும் இல்லை.

அந்த வீடியோ பிறகு எங்கேயும் ஓடவில்லை. பாரிஸில் இல்லை, மன்னாரில் இல்லை. அன்று இரவே ஜொவீனா தானாக வந்து மேசையில் இருந்து பாணும் முட்டையும் சாப்பிட்டாள். ரப்லெட்டைக் கேட்கவில்லை. அடுத்த கிழமை நிறை ஏறியிருந்தது. டாக்குத்தர் ஆஸ்பத்திரிக் கதையை விட்டுவிட்டார். சர்மிளா ஒரு கேக் செய்து கொண்டுவந்து மரியதாசன் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். அவரும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஒரு நாள் வேறொரு பைலை அழிக்கப் போனார். திரையில் "திறப்பு சரியில்லை" என்று வந்தது. திரும்பத் திரும்ப அதுவேதான் வந்தது. டனிஸ்ரன் அலுத்துக்கொண்டு கம்பனிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் பிள்ளை பிரெஞ்சில் கதைத்தாள். அவள் சொல்லச் சொல்ல டனிஸ்ரன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்தத் திறப்பு மூடப்பட்டுவிட்டதாம்.

யார் மூடினது என்று கேட்டான். திறப்புக்காரரே போன் எடுத்து மூடச் சொன்னாராம். ஒரு பைலைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கவும் சொன்னாராம்.

டனிஸ்ரனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆள் தை மாதமே செத்துவிட்டார், யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றான். அப்படி ஏமாற்ற முடியாது என்றாள் அந்தப் பிள்ளை. கதைத்தது ஒரு ஆண் குரல். ஆள் அவர்தானா என்று உறுதிப்படுத்தக் கேட்கிற கேள்விகள் நிறைய. ஒன்றுக்கும் தடுமாறவில்லையாம். மனைவிக்குக்கூடத் தெரியாத இரகசியச் சொல் ஒன்று இருக்குமாம். அதையும் சொன்னாராம்.

எப்போது என்று கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைச் சொன்னாள். பின்னேரம், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது.

மரியதாசன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மூடும்போது காரணம் கேட்பது தங்கள் வழக்கம் என்றாள் அந்தப் பிள்ளை. அவரும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறாராம். ஆனால் எழுதி வைத்திருக்கிறதைத் தன்னால் சரியாக உச்சரிக்க முடியவில்லையாம்.

வாசியுங்கள் என்றான் டனிஸ்ரன்.

அவள் தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு துண்டாக வாசித்தாள். இன்னார் கேட்டுக்கொண்டதால் என்று இருக்கிறது. பெயர்... மா... ரி... யண்... ணே.

"அது ஒரு ஆளின் பெயரா, மெஸ்யூ?"

டனிஸ்ரன் போனை விட்டுக் கண்ணை எடுத்தான். மெல்லத் திரும்பி மரியதாசனைப் பார்த்தான்.